ஏழு சூடை

யசோதினி சூடை மீனை வட்டத் தொட்டியில்தான் விடுவாள். பெட்டியில் விட்டால் கூட்டம் மூலையில் முட்டிச் செதில் உதிர்ந்து செத்துவிடும். வட்டத்தில் விரல் நீள மீன்கள் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கையால் தொடமாட்டாள், கோப்பையால் தண்ணீரோடு அள்ளுவாள். கல்லடியில் அவள் வீட்டுக்குப் பின்னால் உப்புநீர் வாவி, ஐந்து நிமிடம் நடந்தால் கடல். கணவன் ஜெயந்தன் கடலில் வலை வீசிக் கொண்டுவரும் சூடையை உயிரோடு வைத்திருப்பது அவள் வேலை. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் பாரை மீனுக்கு இரையாக அவற்றை வாங்கிப் போவார்கள். வேலை முடிந்தும் தொட்டியருகே குந்தியிருப்பாள். அந்த வெள்ளி வட்டத்தைப் பார்த்திருந்தால் முற்றமும் வேலியும் மெல்லச் சுற்றுவதுபோல் இருக்கும்.

சென்ற மார்கழியில் மொறிஸ் வந்தார். மட்டக்களப்பு நகரில் பிறந்து மெல்பேணில் குடியேறியவர். பத்து நாள் மழை. கடல் அடங்கிய ஞாயிறு காலை மட்டுமே அவருக்கு மிஞ்சியது, அன்றிரவு விமானம்.

"ஒரு பெரிய பாரை பிடிக்கணும், மகள். படம் எடுத்துட்டு விட்டிருவன்."

"விடுறதா? எங்கட கறிச்சட்டி என்ன பாவம் செஞ்ச அங்கிள்?" என்று சிரித்தவள், நாற்பது சூடை தருவதாகச் சொன்னாள்.

ஞாயிறு விடியும்போது, வழமைபோல் தொட்டித் தண்ணீரில் பாதியை வெளியே ஊற்றிவிட்டு வாவித் தண்ணீரை மொண்டு நிரப்பினாள். சற்று நேரத்தில் வட்டம் தளர்ந்தது. ஒரு மீன் சரிந்தது, பிறகு இன்னொன்று. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை.

"முகத்துவாரம் இன்னும் வெட்டல்லயே புள்ள. கடல் தண்ணி உள்ள வரல்ல, வாவி முழுக்க மழைத் தண்ணியெல்லோ" என்றான் ஜெயந்தன்.

இரண்டு வாளியோடு கடலுக்கு ஓடினாள். கடல் தண்ணீரில் மாற்றி விட்டபின் ஏழு மீன்கள் மறுபடி சுற்றத் தொடங்கின.

"என்ட பிழைதான் அங்கிள். ஏழுதான் மிச்சம்" என்றாள், தூண்டிலோடு வந்த மொறிஸிடம்.

அவர் தொட்டியருகே குந்தினார். "அப்ப நீயும் தோணியில வா. அதுகளப் பாக்க ஆள் வேணும்."

கரை மங்கும் தூரத்தில் ஜெயந்தன் தோணியை நிறுத்தினான். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். முழங்கால்களுக்கிடையே ஏழும் இருந்த வாளியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அள்ளிக் கொடுத்தாள். ஆறும் பாரை படாமல் வீணாயின. ஏழாவது சுற்றவில்லை, நடுவில் அசையாமல் நின்றது.

"துணையில்லாம கிறுகாது அங்கிள். கெதியாப் போடுங்க."

அந்தச் சூடை நீருக்குள் ஒரு மினுக்கமாக இறங்கி மறைந்தது. அப்புறம் தூண்டில் தடி வளைந்தது.

பாரை அவள் கை நீளம் இருந்தது. மொறிஸ் படம் எடுக்க அவள்தான் அதைப் பிடித்தாள். பிடிக்குமுன், அதன் வழுவழுப்பு உரியாமலிருக்க, இரு கையையும் கடலில் நனைத்துக்கொண்டாள். படம் எடுத்ததும், யாரும் சொல்லாமலே, குனிந்து தண்ணீருக்குள் விட்டாள். அது ஒரு கணம் அவள் உள்ளங்கையில் நின்றுவிட்டுப் போனது.

"சட்டி?" என்றான் ஜெயந்தன்.

"அதுக்கு நாளைக்கு வலை வீசுங்க."

இப்போதெல்லாம் தொட்டியில் ஊற்றுமுன் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்க்கிறாள், கோடையிலும்.