சாக்கெட்டில் வைத்த சந்தனம்

அந்த ஜீப்பின் பின்பக்கம், கேரவனை மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், கறுப்பு மூடி போட்ட வட்டமான சாக்கெட் ஒன்று இருந்தது. உள்ளே ஏழு துளைகள். கேரவனிலிருந்து வரும் வயரை அதில் செருகினால்தான் கேரவனின் பிரேக் லைட்டும் சிக்னலும் எரியும். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். டிரைவர் அண்ணனுக்கு என்ஜினைவிட அதன்மேல்தான் கவலை அதிகம்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்புக் கடைகள், கட்டட வேலை, லொறி என்று அலைந்து, முப்பத்தைந்து வயதில் அவரிடம் வந்து சேர்ந்தேன். பண்டாரவளை முதலாளி ஒருவர் அந்தக் கேரவனைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஓட்டுவார். பின்பக்கம் என் பொறுப்பு. காலையில் மூடியைத் திறந்து ஈரத்தைத் துணியால் ஒற்ற வேண்டும். துளைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் சுரண்ட வேண்டும். பிறகு அவர் பிரேக்கை மிதிப்பார்.

"எரியுதாடா?"

"எரியுதுண்ணே."

"ரெண்டுமா? ஒன்னையே ரெண்டு தடவ பாத்துட்டுச் சொல்லாத."

ஆயுத பூசைக்கு ஜீப்பைக் கழுவி மாலை போட்டோம். ஸ்டியரிங், ஜக்கி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். "சாக்கெட்டுல மட்டும் கை வைக்காத. அதுக்கெல்லாம் சாமி கோவிச்சுக்காது" என்றார் அண்ணன். எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் எனக்குச் சோறு போடுகிற பொருள் அது. அவர் தேங்காய் எடுக்கப் போன நேரத்தில் மூடியின் உள்பக்கம் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். சந்தனம் கொஞ்சம் வழிந்து துளைகளுக்குள் இறங்கியது. பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் காலை சந்தனம் காய்ந்து கிடந்தது, லைட் எல்லாம் எரிந்தது. ஒரு கொழும்புக் குடும்பத்தை மடுல்சீமை மலைக்குக் கூட்டிப்போய், மத்தியானம் அவர்களோடு திரும்பி இறங்கும்போது பனி மூடிக்கொண்டது. பாதி வழியில் கேரவன் லைட்டுகள் செத்துப்போயின. பியூஸ் எரிந்திருந்தது. அண்ணனிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பியூஸ்.

"இத போடுறதுக்கு முன்னாடி சாக்கெட்டப் பாரு" என்றார்.

பின்னால் போய் வயரைப் பிடுங்கினேன். பனி ஈரத்தில் சந்தனம் ஊறி, ஒரு துளையை இன்னொன்றோடு சேர்த்து மஞ்சள் கூழாக நின்றது. துடைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஜீப்புக்குள் வாடகைக்காரர்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வயரைத் திரும்பச் செருகினேன்.

"சுத்தமா இருக்குண்ணே."

கடைசி பியூஸும் எரிந்தது.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அங்கே ஒதுங்க இடமில்லை. நின்றாலும் பின்னால் வருகிறவன் மோதுவான். "நீ ஓட்டு. நான் பின்னாடி நடந்து வாறேன்" என்று வாடகைக்கார அம்மாவின் சிவப்புத் துண்டை வாங்கிக்கொண்டு இறங்கினார். மூன்றாவது வளைவில் லொறியின் பிரேக் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தார். துண்டை மட்டும் இன்னும் தூக்கிப் பிடித்திருந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள். மெக்கானிக் வருவதற்குள் ஒரு ஆணியால் சந்தனத்தைச் சுரண்டி, சாக்கெட்டைக் கழுவி வைத்துவிட்டேன். பழுது எங்கே என்று மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு எங்கெங்கோ வேலை செய்துவிட்டேன். எங்கேயும் நிலைக்கவில்லை. போன மாதம் பசறையில் பஸ் ஏறி, சொல்லிவிடுவது என்ற முடிவோடு அண்ணனுடைய தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனேன். அண்ணி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். இப்போது அந்த வீட்டில் சம்பாதிப்பது அவர் மட்டும்தான். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, பழைய வயர்த் துண்டுகளை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்கெட் சுத்தமா இருந்துச்சு, நீதான் பாத்தியே. அப்ப வயருலதான் கோளாறு. எத்தன வருசமா யோசிக்கிறேன், புடிபடல. எந்த வயருடா அது?"

வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ள வயரா இருக்கும்ண்ணே."

"வெள்ளயா?" என்றார். குனிந்து வெள்ளை வயரைத் தேடி எடுத்து, அது எங்கே அறுந்திருக்கும் என்று விரலால் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.