அண்ணரின் பிஸ்கட் டின்னும் ஒரு மஞ்சள் முடிச்சும்

போன கிழமை என் வீட்டு மேசையில் உலகம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது.

ராசாக்கள், ராணிகள், சிங்கங்கள், மீன்கள், நெற்கதிர்கள்… எல்லாம் சின்னச் சின்ன வட்டங்களாக. என் அண்ணர் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்த வெளிநாட்டுக் காசுகள். அவர் கண்ணை மூடி ஒரு வருசம் போய்விட்டது. 'டின் தம்பிக்கு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான்தான் இவ்வளவு நாளும் திறக்கவில்லை. வயது போனவனுக்கு என்ன அவசரம்?

மூடியைத் திறந்ததும் ஒரு மணம் வந்தது பாருங்கள்… இரும்பும் உப்பும் தேசிக்காய்ப் புளிப்பும் கலந்த மணம். கதிரையில் சாய்ந்தவன் கொஞ்சநேரம் இந்த உலகத்தில் இல்லை.

ஒரு காசுக்கு நடுவில் துளை. அதைக் கண்ணில் வைத்து யன்னலால் பார்த்தேன். துறைமுகத்தில் நின்ற பெரிய கப்பல் ஒன்று முழுசாக அந்தத் துளைக்குள் அடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. வாசலில் மான் ஒன்று வந்து வாழைப்பழத் தோலுக்குக் காத்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. தெருவில் மாடுகளைப்போலத் திரியும் எங்கள் ஊர் மான்களுக்கு மனிதரைவிட உரிமை கூட — அது வேறு கதை.

அண்ணர் வள்ளம் வைத்திருந்தவர். கப்பல் நங்கூரம் போட்டால் இளநீர், முட்டை, தேசிக்காய், வாழைக்குலை என்று ஏற்றிக்கொண்டு கிட்டப் போவார். நானும் கூடப் போயிருக்கிறேன். சாமான் விற்று முடிந்த பிறகும் மனிதர் கப்பலை விட்டு இறங்கமாட்டார். மேலே மாலுமிகளோடு கைப்பாசையில் ஏதோ கதைத்துக்கொண்டு நிற்பார். கீழே நான் கயிற்றைப் பிடித்தபடி வெயிலில் காய்வேன். இறங்கி வரும்போது கையில் ஒரு சில்லறைக் காசு இருக்கும். பெரிய மனிதர் இப்படிக் காசு கேட்டு நிற்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்தச் சேகரிப்பில் ஒன்று மட்டும் வேறு சாதி. வெகுகாலத்துக்கு முன் ஒரு கப்டன் கொடுத்த பெரிய வெள்ளிக்காசு. பாய்க்கப்பல் பொறித்தது. ஒருமுறை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கை கீழே இறங்கியது… அவ்வளவு பாரம்.

அந்த வெள்ளிக்காசில்தான் என் கணக்கெல்லாம். அண்ணரின் மனைவி, என் மச்சாள், சாம்பல்தீவில் தனியே இருக்கிறா. கூரை ஒழுகுகிறது. காசை விற்றுக் கூரையைப் போட்டுக் கொடுத்துவிட்டால் எனக்கும் நிம்மதி.

கிண்ணியாவிலிருந்து ஹாஜியாரை வரச் சொன்னேன். பழைய விளக்கு, மணிக்கூடு, காசு எல்லாம் மதித்து வாங்குகிறவர். மச்சாளையும் கூப்பிட்டேன். வந்தா. ஆனால் மேசைக்குக் கிட்ட வரவில்லை. தூரக் கதிரையில் இருந்துகொண்டா.

காரணம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரே மகன். கப்பலில் வேலை என்று போனவன். கொஞ்சக்காலம் கடிதம் வந்தது. பிறகு இல்லை. மச்சாள் இரவில் அவனுக்கும் ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வைப்பா. ஒருநாள் அண்ணர், "வராதவனுக்கு எதுக்குச் சோறு?" என்று கேட்டுவிட்டார். மச்சாள் அதை மன்னிக்கவேயில்லை. அதற்குப் பிறகு அண்ணர் மகனின் பெயரையே எடுத்ததில்லை. பெற்ற பிள்ளையை மறந்த மனிசன் என்று, செத்த வீட்டில்கூட மச்சாள் அழவில்லை.

ஹாஜியார் கண்ணாடிவில்லையை எடுத்து, காசுகளை விளிம்பில் பிடித்து நாடு நாடாக அடுக்கினார். கறுத்துக் கிடக்கிறதே, புளி போட்டு மினுக்கித் தரட்டுமா என்றேன். மனிதர் பதறிப்போனார்.

"காசுட வயசுதான் ஐயா அதுட விலை. தேச்சா ரெண்டும் போயிரும்."

தூரக் கதிரையிலிருந்து குரல் வந்தது. "அப்ப தம்பிக்கு நல்ல விலை வரும்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மச்சாள் பகிடி விட்டு எவ்வளவு காலம்!

ஆனால் ஹாஜியாரின் நெற்றி சுருங்கியது. எல்லாம் சும்மா சில்லறையாம். சேர்க்கிற ஆள் எவனும் ஒரே காசை இப்படித் திரும்பத் திரும்பச் சேர்க்கமாட்டானாம். "உங்கட அண்ணன் காசு சேர்க்கல்ல ஐயா. வேற என்னவோ செஞ்சிரிக்கார்" என்றார்.

வெள்ளிக்காசு? காணவில்லை. டின்னின் அடியில் விரித்திருந்த கடுதாசியைக் கிளப்பினேன். கீழே மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சு. தூக்கினேன். கை கீழே இறங்கியது. அதே பாரம்!

ஹாஜியாரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"இது நேர்ச்சை முடிச்சு. நான் அவிழ்க்க ஏலாது."

அவர் சொன்னது சரி. ஒருவருக்காக நேர்த்தி வைத்து மஞ்சள் துணியில் காசை முடிந்தால், நினைத்தது நடந்த பிறகுதான் அது கோயிலுக்குப் போகும். அதுவரை யாரும் அவிழ்ப்பதில்லை. ஆனால் யாருக்காக?

மச்சாள் எழும்பி வந்தா. முடிச்சை வாங்கி, துணியின் ஓரத்தை விரலால் தடவினா. மஞ்சளுக்கு அடியில் மங்கலாகக் கட்டம் போட்ட கோடுகள் தெரிந்தன.

"இது பிள்ளை உடுத்தின சாரம்" என்றா.

பிறகு முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டா.

"அவன் போன பிறகு கொடியிலை காயப்போட்டனான். காணேல்லை. மாடு திண்டிட்டுது எண்டு இவர் சொன்னவர். நானும் அந்த மாட்டைத் திட்டாத நாளில்லை…" மச்சாளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. அண்ணருக்காக அவ அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "பொய்க்கார மனிசன்."

அப்போதுதான் எனக்கும் ஒன்று நினைவு வந்தது. கப்பலிலிருந்து இறங்கும்போதெல்லாம் அண்ணர் எதையோ சட்டைப்பைக்குள் திருப்பி வைப்பார். பீடிக்கட்டு என்று நினைத்திருந்தேன். பீடிக்கட்டு அவ்வளவு தட்டையாக இருக்குமா? ஒரு புகைப்படம்தான் அந்த அளவில் இருக்கும் — மகனின் படம். பெடியனைக் கண்டீர்களா என்று கப்பல் கப்பலாக ஏறிக் கேட்டிருக்கிறார். 'இல்லை' என்று சொன்ன மாலுமிகள் மனம் கேட்காமல் பையிலிருந்த சில்லறையில் ஒன்றை அவர் கையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மேசையில் அடுக்கி வைத்திருந்தது அத்தனையும் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'…

அவிழ்த்து விலை பார்ப்போமா என்று நான் கேட்கவில்லை. மச்சாள் முடிச்சைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டா. கூரையைப் பற்றிக் கேட்டேன். ஒழுகிற இடத்துக்கு வாளி வைத்திருக்கிறாவாம். பஸ்சுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டா. இரவுக்குச் சோறு வைக்கவேண்டுமே… இனி அண்ணருக்கும் சேர்த்து இரண்டு கோப்பை மூடி வைப்பாவாம்.

நான் இப்போது யோசிப்பதெல்லாம் அந்த மாட்டைப் பற்றித்தான். பாவம், ஒரு சாரத்தையும் தின்னாமலே ஆயுசு முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறது.