டெல்மரின் வாயும் ஆர்டிஸின் காட்டெருமைகளும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மாட்டுச் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் டெல்மரைத் தெரியும். முப்பது வருடம் ஏலம் விட்ட தொண்டை அது. வீட்டில் உப்பு கேட்டால்கூட மூன்று தரம் கூறுவார். அவர் மனைவி ஆர்டிஸ் வளர்ப்பதோ காட்டெருமைகள்.

வசந்தத்தில் செம்பட்டைக் கன்றுகள் பிறந்தால் டெல்மர் வேலிக்கு வெளியே நின்று பேர் வைப்பார். கோடையில் காளைகள் மோதிக்கொள்ளும்போது எது ஜெயிக்கும் என்று தனக்குத்தானே கத்துவார். பனிப்புயலுக்கு முகம் கொடுத்து நிற்கும் மந்தைக்கு வாளியை ஆட்டித் தீவனம் போடும்போதும் அவர் வாய் ஓயாது. அதையெல்லாம் காட்டெருமைகள் பொறுத்துக்கொள்ளும். இலையுதிர்காலத்தில் மந்தையைப் பட்டிக்குள் அடைக்கும் ஒரு நாள் மட்டும் மூச்சுச் சத்தம்கூட ஆகாது.

எட்டு வருடம் முன்பு அந்த நாளில், பட்டி வாசலில் நின்றவர் ஆர்வம் தாங்காமல் ஒரு குரல் கொடுத்துவிட்டார். நூறு உருப்படியும் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. அன்றிலிருந்து அந்த நாளில் அவருக்கு இடம் பிக்கப் வண்டிக்குள், கண்ணாடியை ஏற்றி, பேச முடியாதபடி வாய் நிறைய சூரியகாந்தி விதையோடு. ஊரே சிரித்தது. இன்னொரு முறை வாசலில் நின்று காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குமைச்சல்.

இந்த வருடம் வாசலைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துப் பண்ணைக்காரர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார்.

"நான் நிக்கறேன்," என்றார் டெல்மர்.

"நீயா? தூக்கத்துலயே ஏலம் விடுற ஆளு."

"ஒரு வார்த்தை பேசினேன்னா அடுத்த வருஷம் வண்டிக்குள்ளகூட உட்கார வைக்காத."

"சரி, விதையை வாயில போட்டுக்க."

மந்தை அமைதியாக உள்ளே வந்தது. டெல்மர் வாசலைச் சாத்தினார். உள்கதவின் சங்கிலி சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்க ஆர்டிஸ் பட்டிக்குள் இறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிழப்பசு திரும்பி நின்று வாலைத் தூக்கியது. பாயப் போகிறது என்று அர்த்தம்.

கத்தினால் மொத்த மந்தையும் ஆர்டிஸ் மேல்தான் ஏறும். தொண்டை வரை வந்ததை டெல்மர் விதையும் தோலுமாக விழுங்கினார். பக்கத்தில் கிடந்த தீவன வாளியை எடுத்து, பனிக்காலக் காலைகளில் ஆட்டுவது போலவே மெதுவாக ஆட்டினார். பசு காதை அசைத்தது. வாலை இறக்கியது. வாளியைப் பார்த்து நடந்து வந்தது. அதற்குள் திரும்பிப் பார்த்த ஆர்டிஸ் சத்தமில்லாமல் வேலி ஏறி வெளியே குதித்தார்.

"இனிமே வாசல் உன்னுதுதான்," என்றார் ஆர்டிஸ், மூச்சு வாங்க. "முடிஞ்சிருச்சு மனுசா, இப்பப் பேசலாம்."

டெல்மர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வாளி மட்டும் கையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டிலும் பேச்சில்லை. உருளைக்கிழங்கை அளைந்துகொண்டே இருந்தார். ஆர்டிஸ் வேண்டுமென்றே உப்பைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உப்பு," என்றார் டெல்மர் கடைசியில். ஒரே ஒரு தரம்.

"இன்னும் ரெண்டு தரம் சொல்லு, தரேன்," என்றார் ஆர்டிஸ். சொல்லும்போதே உப்பை டெல்மர் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்.