ஏழு குலுக்கல்

ராயபுரம் மார்க்கெட்டில் ஃப்ளோரா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். அந்தப் பக்கம் ஃப்ளோராக்களுக்குப் பஞ்சமில்லை. ‘ரிக்கார்டு’ ஃப்ளோரா என்று கேட்டால் மட்டும் ஒரு நமட்டுச் சிரிப்போடு சரியான தெருவைக் காட்டுவார்கள். அந்தச் சிரிப்பை அவள் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசிமேட்டு இறால் கம்பெனியில் நாளெல்லாம் நின்றபடி இறால் உரிப்பது அவள் வேலை. முள் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் மரத்துப்போனவளுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் மரத்துப்போகவில்லை.

சிரிப்பின் காரணம் ஓர் இசைத்தட்டு. 1973-இல் கோயில் பாடகர் குழு ஒரு மாதா பாட்டை இசைத்தட்டாகப் போட்டது. பாடியவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பெயரும் அச்சடித்த அட்டை, பாட்டைப் பதிவு செய்வதற்கு முந்தின வாரமே வந்து இறங்கிவிட்டது. அதில் ஒருத்தி ஃப்ளோராவின் அக்கா ஜூடி. அக்காவுக்குத் துணையாகத்தான் பதினெட்டு வயது ஃப்ளோரா ஸ்டூடியோவுக்குப் போனாள்.

போன இடத்தில் பாட்டு தாளத்தில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. ரிக்கார்டிங்காரர் தலையில் அடித்துக்கொண்டு, யாராவது தாளம் பிடியுங்கள் என்றார். குழுவின் பையில் ஒரு டாம்பரின் கிடந்தது. விளிம்பெல்லாம் சின்னச் சின்னத் தகடுகள் கோத்த வளையம் அது. கிறிஸ்துமஸ் கேரலுக்கு வீடு வீடாகப் போகும்போது ஃப்ளோரா குலுக்குவது. எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். பாட்டு ஒழுங்குக்கு வந்தது. தகட்டுச் சத்தம் மைக்கில் குத்துகிறது என்று அவளைக் கதவோரமாக உட்கார வைத்துப் பதிவை முடித்தார்கள்.

அட்டையில் ஃப்ளோராவின் பெயர் ஏறவில்லை. அக்கா ஒருத்திதான் சாட்சி. அவளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பாடியவர்களில் மிச்சமிருந்த மூன்று பேரிடம் கேட்டால், யாரோ ஒரு பெண் கூட வந்ததாக ஞாபகம் என்பார்கள், அதோடு சரி. அந்த ரிக்கார்டில் நானும் இருக்கிறேன் என்று ஃப்ளோரா சொல்லச் சொல்ல, ஊர் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்துச் சிரித்தது. தட்டு கோயில் அலமாரிக்குள் போய்விட்டது, எடுத்துப் போட்டுக் கேட்க யாரும் மெனக்கெடவில்லை.

2003-இல் கோயில் திருவிழாவுக்கு, பாட்டுக்கு முப்பது வயது என்று கொண்டாட முடிவாயிற்று. பாடியவர்களுக்குப் பொன்னாடை, இறந்துபோனவர்களுக்காக அவர்கள் குடும்பத்துக்கு. மார்க்கெட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஹென்றி பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். குவைத்தில் வேலை பார்க்கிற இந்தக் கோயில் பங்கு மக்களும் இண்டர்நெட்டில் கேட்கலாம் என்று பூசையில் அறிவிப்பு வந்தது. ஃப்ளோரா அன்றைக்கே கோயில் பேரவைச் செயலாளர் வேதமாணிக்கத்தைப் போய்ப் பார்த்தாள்.

வேதமாணிக்கம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இல்லாத எதுவும் அவருக்கு உலகத்திலேயே இல்லை.

“அட்டையில உன் பேரு இல்லியேம்மா. நான் இன்னா பண்றது?” என்றார்.

“அட்டைய வுடுங்க சார். பாட்டக் கேளுங்க. நான் அதுல கீறேன்.”

சரி என்று இரண்டு பேரும் ஹென்றியின் கடைக்குப் போனார்கள். அவன் மவுசைத் தட்டினான். குரல்கள் கழுவித் துடைத்த கண்ணாடியாக வந்தன. ஜூடியின் குரல் தனியாகத் தெரிந்தது. டாம்பரின் எங்கேயும் இல்லை. ஃப்ளோரா மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டாள். முப்பது வருஷமாக நாம்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தோமோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“கேட்டியாம்மா,” என்றார் வேதமாணிக்கம், இரக்கமாகத்தான்.

ஹென்றி தன் கைவேலையைச் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை. “இன்னா கிளியரா கீது பாருங்கக்கா. ஒரிஜினல்ல ஒரே கரகர. பாட்டு பூரா பின்னால ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரு எரைச்சல் வேற. எல்லாத்தயும் தொடச்சி எட்த்துட்டேன். பாட்டு முடிஞ்சப்பறமும் இன்னாவோ சலசலன்னு வந்துகினு இருந்திச்சி, அத்தயும் வெட்டிட்டேன்.”

ஃப்ளோரா நிமிர்ந்து பார்த்தாள்.

“அது எரைச்சல் இல்ல நைனா,” என்றாள். “அது நானு.”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். “கேரலுக்குப் போனா பாட்டு முடிஞ்சாலும் டாம்பரின நிறுத்த மாட்டோம்ல? வூட்டுக்காரங்க கதவத் தொறக்கிற வரிக்கும் குலுக்கணும். அந்தப் பயக்கத்துல ஸ்டூடியோவுலயும் எல்லாரும் பாடி நிறுத்துனப்பறம் நான் குலுக்கிகினே இருந்துட்டேன். ஏழு வாட்டி. ஏழாவதுல எங்கக்கா வந்து கையப் புட்ச்சா, அது அரையில நின்னுடும். டைம் இல்லன்னு ரிக்கார்டிங்காரர் அப்டியே வுட்டுட்டாரு. வர்ற ஞாயித்துக்கெயம தட்டையே போடுங்க, எல்லாரும் கேக்கட்டும். ஏழு வரலன்னா செத்தாலும் இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்.”

அந்த ஒரு வாரம் இறால் கம்பெனியில் அவள் யாரோடும் பேசவில்லை. தட்டு தேய்ந்துபோயிருந்தால்? எண்ணிக்கை தப்பாக ஞாபகம் இருந்தால்? ஏழு என்று ஏன் வாயை விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு உரித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபம் நிரம்பிவிட்டது. சவுண்ட் சர்வீஸ் அப்பாவு தன் பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். புது முள் போட்டிருப்பதாக அவராகவே சொன்னார். முதலில் ஹென்றி தன் சிடியைப் போட்டான். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அப்பாவு முள்ளைத் தட்டில் இறக்கினார்.

முதலில் வெங்காயம் வதங்குகிற சத்தம். அப்புறம் குரல்கள் வந்தன. சிடியில் பன்னிரண்டு பேரும் ஒரே சுவரில் ஒட்டி நின்று பாடினார்கள் என்றால், இங்கே ஆளுக்கு ஆள் இடம் விட்டு, மூச்சு வாங்கிப் பாடினார்கள். அறையின் அகலம் தெரிந்தது. அந்த அறையின் கடைசியில், கதவோரத்தில், மெல்லிசாகத் தகடுகள் குலுங்கிக்கொண்டிருந்தன. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு குலுக்கல்கூடப் பிசகவில்லை.

பாட்டு முடிந்தது. குரல்கள் நின்றன. தகடுகள் நிற்கவில்லை.

முன்வரிசையில் யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். மூன்று, நான்கு என்று மண்டபமே எண்ணியது. ஏழாவது பாதியில் அமுங்கி நின்றது. அமுக்கிய கை ஜூடியின் கை என்பது ஃப்ளோராவுக்குத் தெரியும். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதாள்.

வேதமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து பெயர்ப்பட்டியலை எடுத்து, பன்னிரண்டுக்குக் கீழே பதின்மூன்று என்று போட்டு ஃப்ளோராவின் பெயரை எழுதினார்.

ஹென்றி கையைப் பிசைந்துகொண்டு வந்தான். “குப்பன்னு நெனச்சி உன்னய பெருக்கித் தள்ளிட்டேன்க்கா. திரும்ப ஏத்துறேன், எதயும் தொடைக்க மாட்டேன்.” சொன்னபடியே செய்தான். கம்ப்யூட்டர்மேல் பழி போட ஒன்றுமில்லை. கொடுத்ததை அது அப்படியே வாங்கிக்கொண்டது. இண்டர்நெட்டுக்காகச் சுருக்கியதில் அறையின் அகலம் கொஞ்சம் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் கரகரப்பும் இருந்தது, ஏழு குலுக்கலும் இருந்தன. குவைத்திலிருந்து போன் போட்டு எண்ணிச் சொன்னார்கள்.

திருவிழா அன்று மேடையில் இளைஞர் குழு அந்தப் பாட்டைப் பாடியது. ஃப்ளோரா டாம்பரினோடு நின்றாள், இந்தத் தடவை மைக்குக்கு நேர் எதிரில். பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் குலுக்குவதை நிறுத்தவில்லை. ஏழு போயிற்று, எட்டு போயிற்று, இருபதும் போயிற்று. கதவு திறக்கிறவரை கேரல் டாம்பரின் நிற்காது என்பது புரிந்து கூட்டம் சிரித்தது. அது நமட்டுச் சிரிப்பு இல்லை. வேதமாணிக்கம் பொன்னாடையை எடுத்துக்கொண்டு வேட்டி தடுக்க ஓடிவந்து அவள் தோளில் போட்டார்.

கதவு திறந்துவிட்டது. ஃப்ளோரா டாம்பரினை நிறுத்தினாள்.