சுண்ணாம்பு பூசாத சுவர்

வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது மனைவி தொலைபேசியோடு கதவைத் திறந்தார். மறுமுனையில் சவிரிமுத்து அண்ணையின் மகள் மேரி. "மாஸ்ரர், அப்பா விடிய எழும்பேல்லை" என்றாள். நான் இருக்கும் லொங்குய்யிலிருந்து ஆற்றைக் கடந்து அஹுன்ட்சிக்கில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை மெட்ரோவில் எனக்கு அழுகைதான் வந்தது. மூன்றாம் நாள் அடக்கப் பூசையில் தந்த அஞ்சலித் தாளைப் படித்தபோது கோபம் வந்தது. "எவரோடும் பிணங்காத அமைதியானவர்" என்று அதில் அச்சடித்திருந்தார்கள்.

அவரை அறிந்த உங்களுக்கு அது பொய் என்று தெரியும். அண்ணை பிணங்கினார். காரணத்தோடு பிணங்கினார். இறந்தவரிடமிருந்து அவருடைய கோபத்தைப் பறிப்பது மரியாதை ஆகாது.

நகரின் லாசால் பகுதியில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் கீழ் மண்டபத்தில் செவ்வாய்தோறும் முதியோர் கூடித் தேநீர் குடிப்போம். அங்கே வரும் நோரா என்ற ஐரிஷ் மூதாட்டி ஒருநாள் இரண்டு பழைய படங்கள் கொண்டுவந்தார். இரண்டிலும் அயர்லாந்தில் அவருடைய பாட்டனாரின் வீடு. ஒன்றில் சுவர் கறுத்துக் கிடந்தது, வாசலோடு எருக்குவியல். மற்றதில் அதே வீடு, சுண்ணாம்பு பூசி வெள்ளைவெளேரென்று. "முதலிலை நல்ல கஷ்டப்பட்டவையாக்கும்" என்றேன் நான்.

"கஷ்டமில்லை மாஸ்ரர், பயம்" என்றார் அண்ணை. "வீடு வடிவாயிருந்தாக் குத்தகை கூடும். எங்கட ஐயா காணிக்காரர் வாற அண்டைக்கு நல்ல மாட்டை அயலிலை கட்டிப்போட்டு, நொண்டி மாட்டைத்தான் முன்னுக்கு விடுவார்."

மன்னாரில் குத்தகை வயல் செய்தவரின் மகன் அவர். தான் காணாத நாட்டின் சுவரை ஒரே பார்வையில் வாசித்துவிட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் நோரா ஆமென்று தலையாட்டினார். பிறகு ஒரு சட்டம் வந்ததாம். நிலப்பிரபுவுக்கு அரசாங்கம் விலை கொடுத்து, நிலத்தைக் குத்தகைக்காரருக்கே எழுதிக் கொடுத்தது. அந்த விலையை அவர்கள் கடனாக வருடாவருடம் அரசாங்கத்துக்குக் கட்டித் தீர்க்க வேண்டும். பாட்டனார் கட்டி முடியாததை நோராவின் தகப்பனார் கட்டினார். வெள்ளைச் சுவர், பத்திரம் கைக்கு வந்த பிறகு பூசியது.

அண்ணைக்கு முகம் மாறிவிட்டது. "கல்லுப் பொறுக்கி, தண்ணி வடிச்சு, நிலத்தைத் திருத்தினது அவையள். பேந்து அதையே அவையள் விலைக்கு வாங்கோணுமோ?"

எனக்கு எதற்கும் ஓர் உதாரணம் சொல்லும் பழக்கம். "என்ர சட்டையை ஒருத்தன் பறிச்சுப் போட்டிருக்கிறான் எண்டு வையுங்கோ. ஏதும் குடுத்தாவது திருப்பி எடுக்கத்தானே வேணும்?"

"எடுங்கோ மாஸ்ரர். ஆனா அவனுக்கு நன்றி சொல்லிப்போட்டு வராதேங்கோ."

இதையும் மொழிபெயர்த்தேன். நோரா தேநீர் சிந்தச் சிரித்தார். தன் பாட்டனாரும் இதையேதான் சொல்வாராம், இன்னும் மோசமான வார்த்தைகளில்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். அண்ணை இங்கே வந்த நாள்முதல் வீடுகளின் தரைக்கும் சுவருக்கும் ரைல் ஓடு பதிக்கும் வேலை செய்தவர். ஆனால் லாசாலில் அவருடைய வாடகை வீட்டின் குசினி உடைந்த தளமும் இருண்ட அலுமாரியுமாக வருடக்கணக்கில் கிடந்தது. "ஊரெல்லாம் ரைல் பதிக்கிற மனுசன்ர குசினியைப் பாருங்கோ" என்று பகிடி பண்ணினேன். "இது மன்னாரில்லை அண்ணை. இஞ்சை ஆருக்குப் பயம்?"

அவர் என்னை நம்பினார். எங்கோ ஒரு பழைய கடையை இடித்தபோது வாங்கிவைத்திருந்த நீல ரைல்களை அந்தக் கோடையில் சுவரில் பதித்தார். அலுமாரிகளை இழைத்துப் பூசினார். அங்கே எனக்கு முதல் தேநீரைத் தந்தபோது, "இது நோராவின்ர ரண்டாம் படம்" என்றார்.

தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் அந்த ரைல்களைத் தடவிப் பார்த்தார். நத்தார்ப் பண்டிகைக்கு முன் கடிதம் வந்தது. அவருடைய மகன் குடிவரப் போகிறாராம், யூன் முடிவில் வீட்டை விட வேண்டும். பிரெஞ்சுக் கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்பதையும் சொன்னேன். அண்ணை கடிதத்தை மடித்து வைத்தார்.

"நொண்டி மாட்டைத்தான் விட்டிருக்கோணும், மாஸ்ரர்."

என்னை அவர் குற்றம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

யூலை முதலாம் திகதி, வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து நகரமே வீடு மாறும் நாளில், மேரி வீட்டுக்குக் கொண்டுபோகச் சாமான்களை இறக்கினோம். மேரி சுத்தியலை நீட்டினாள். "உடைச்சுப்போட்டு வாங்கோ அப்பா." அவர் வாங்கவில்லை. "பதிச்சவன் நான். உடைக்கிறவனும் நானோ?"

ஆவணியில் அந்த ஜன்னலில் வாடகைக்கு என்ற பலகை தொங்கியது. மகன் வரவேயில்லை. என்னை அடையாளம் தெரியாத சொந்தக்காரரிடம் வீடு தேடுகிறவன்போலப் போனேன். குசினியைத் திறந்து காட்டி, "புதிதாகச் செய்வித்தேன்" என்றார், கூச்சமேயில்லாமல். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கிழவரை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டு, அவருடைய உழைப்பைக் காட்டி வாடகை கூட்டுகிறார். இதற்கு நான் எந்த உதாரணமும் தேடவில்லை.

அண்ணை வாடகைத் தகராறு கேட்கும் சபையில் முறைப்பாடு கொடுத்தார். விசாரணை அடுத்த மாதம். அவர் இல்லை. "செத்த மனுசனை ஏன் வழக்குக்கு இழுக்கிறியள்?" என்று சிலர் மேரியிடம் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சலித் தாளில் அந்த வரியை எழுதியவர்களும் அவர்கள்தான். மேரி என்னைக் கேட்டாள். முறைப்பாட்டில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, அதுவே அவர் சொன்ன பதில் என்றேன். இருவரும் போகிறோம்.

மிஞ்சிய ரைலில் ஒன்றை, தேநீர்க் கோப்பை வைக்க என்று எனக்குத் தந்திருந்தார். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அந்த நீலம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. விசாரணையன்று அதைச் சபையின் மேசையில் வைப்பேன். புதிதாகச் செய்வித்தவர் அதன் சோடிகளை எங்கே வாங்கினார் என்று சொல்லட்டும். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தாலும், அண்ணை சொன்னபடி, நன்றி சொல்லாமல் திரும்பி வருவேன்.