டெல்மர் ஃபோகிளின் பத்து விரல்கள்

எங்கள் பிளம் ரன் பள்ளிக்கூடத்தில் மஞ்சள் பஸ் ஓட்டும் டெல்மர் ஃபோகிள் ஒரு திருடர் என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஊருக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்ததோடு விடாமல் கைதட்டிக் கொண்டாடவும் செய்தோம்.

அவர் பள்ளியில் கடைசி வருடம் படிக்கும்போது நடந்தது அது. பழைய மாணவர்களெல்லாம் ஊர் திரும்பிக் கூடும் ஹோம்கமிங் கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் எதிரிப் பள்ளியின் சின்னத்தைக் கடத்தி வருவது இந்தப் பக்கத்து வழக்கம். கடத்தாத வருடம்தான் கேவலம். பக்கத்து ஊர்ப் பள்ளியின் பூட்டை உடைத்து, அவர்களுடைய சின்னமான ஃபைபர் ஆட்டுக்கடா பொம்மையை எங்கள் பையன்கள் தூக்கினார்கள். கடா பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது. டெல்மர் வரவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தில் அவருடைய பத்து விரலையும் மையில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும் என்று வக்கீல் சொன்னாராம். நல்ல பிள்ளையாக ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு ஓடித் தப்பியவர்களில் ஒருவர் கர்ட் ஹேன்லி. இன்றைக்கு அவர்தான் எங்கள் பள்ளிகளுக்கெல்லாம் கண்காணிப்பாளர். ஒவ்வொரு வருடமும் ஹோம்கமிங் விருந்தில் டையைத் தளர்த்திக்கொண்டு மைக்கைப் பிடிப்பார். நாங்கள் பூட்டை உடைத்தோம், நாங்கள் கடாவைத் தூக்கினோம் என்று நடித்தே காட்டுவார். கூடம் அதிரும். டெல்மர் பின்வரிசையில் உட்கார்ந்து கோழிக்கால் தின்பார். ஓடிப்போனவனுக்கு ஒன்பதில் குரு, அகப்பட்டவனுக்கு அட்டமத்தில் சனி என்பது சும்மாவா?

இந்த வருடம் மாநிலத்தில் புதுச் சட்டம் வந்தது. இதுவரை வாத்தியார்கள் மட்டும் கொடுத்துவந்த கைரேகையை, பஸ் ஓட்டுகிறவர்களும் சமையல்காரர்களும் தரையைத் துடைக்கிறவர்களும் கொடுக்க வேண்டுமாம். குழந்தைகளின் பாதுகாப்புக்காக, பழைய வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்க என்றார்கள். நல்ல காரியம், யார் வேண்டாம் என்றது? நான் பள்ளிச் சமையல்கட்டில் வேலை செய்கிறவள். டெல்மரும் நானும் ஒன்றாகத்தான் போனோம், நகத்துக்குச் சாயம் பூசும் கடைக்கு அடுத்திருந்த கைரேகை எடுக்கும் கடைக்கு. அங்கிருந்த பெண் என் விரல்களைக் கண்ணாடிமேல் வைத்துச் சப்பாத்தி மாவு போல அழுத்திப் பார்த்துவிட்டு, ரேகையே விழவில்லை என்று சலித்துக்கொண்டாள். உங்கள் பிள்ளைகளுக்கு அடுப்பிலிருந்து பீட்சா எடுத்துக் கொடுத்தே தேய்ந்துபோயிற்று என்றேன். டெல்மரின் ரேகை முதல் அழுத்திலேயே பளிச்சென்று விழுந்தது. பாராட்டக்கூடச் செய்தாள், பாவி.

முடிவு வந்தது: பள்ளிக்கூடத்தில் புகுந்து திருடியவர். அன்றைக்கே கர்ட் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். டெல்மரின் மனைவி வாண்டாவுக்கு மூட்டுவாதம். அந்தக் காப்பீட்டில் வரும் ஊசி இல்லாவிட்டால் அவளால் கரண்டி பிடிக்க முடியாது. கர்ட்டுக்கும் இது தெரியும். எல்லாரும் ஒரே தேவாலயம்தான்.

விசாரணையைப் பள்ளி நூலகத்தில் வைத்தார்கள். பள்ளி வாரியத்தார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அந்த விருந்துகளில் கைதட்டியவர்கள். கர்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இவர் பூட்டை உடைத்தார், இவர் உள்ளே புகுந்தார், இவர் திருடினார் என்று. மைக்கைப் பிடித்தால் 'நாங்கள்'. காகிதத்தைப் பிடித்தால் 'இவர்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதி அப்படி, தன் கையில் ஒன்றும் இல்லை என்று வேறு முடித்தார். விருந்து உண்டவர்கள் எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாரியத் தலைவி லொரெட்டாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை போலும். மற்றவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்களே, நீங்கள் மட்டும் எப்படி அகப்பட்டீர்கள் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

டெல்மர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் ஓடிட்டுத்தான் இருந்தேன் லொரெட்டா. ஒருத்தன் மட்டும் கம்பி வேலியில மாட்டிக்கிட்டான். பேண்ட்டு கிழிஞ்சு, அம்மா அம்மான்னு அழுதான். திரும்பிப் போயி அவனத் தூக்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அதுக்குள்ள டார்ச்சு வெளிச்சம் என் மூஞ்சியில அடிச்சிருச்சு."

"யாரு அது?"

"இப்ப நல்ல நிலைமையில இருக்கான். எதுக்கு அவன் பேரு?"

சொல்லிவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை. நாங்கள்தான் பார்த்தோம். கர்ட் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் உதட்டைவிட்டு எடுக்கவில்லை. ஒரு வார்த்தை, 'நான்தான்' என்ற ஒரே வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருந்தால், அந்த மேசையில் ஒரு கைகூட டெல்மருக்கு எதிராக எழுந்திருக்காது. அத்தனை பேர் முன்னால் கடாவைச் சுமந்து நடித்துக் காட்டும் மனிதருக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கு எழவில்லை.

நீக்கலாம் என்போரைக் கை தூக்கச் சொன்னார்கள். லொரெட்டாவைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள்.

டெல்மர் எழுந்து, பஸ் சாவியைக் கொண்டுபோய் கர்ட் எதிரில் வைத்தார். குரலில் கோபமே இல்லை.

"வாண்டா ஊசிய நான் எப்படியாவது பாத்துக்கறேன் கர்ட்டு. அடுத்த தடவை வேலி ஏறும்போது மட்டும் பாத்து ஏறுடா. தூக்கி விட நான் இங்க இருக்கமாட்டேன்."