மூன்றாவது கார்பன் தாள்

அறுகோணம் வரைந்து வரைந்தே என் விரல் காய்த்துப்போனது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு சாயத் தொழிற்சாலையின் லேபில் எனக்கு வேலை. பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள், இன்னும் நிரந்தரம் ஆகாதவள். திருவள்ளூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். போனதும் பென்சீன் வளையம் என்கிற அந்த அறுகோணம். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பேட்ச் தாளிலும் பொருளின் அமைப்பைப் படமாகப் போட வேண்டும். வளையம் போட ஒரு பிளாஸ்டிக் அச்சு இருந்தது. அது தலைமைக் கெமிஸ்டின் டிராயரில் பூட்டிக் கிடக்கும்.

அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "கம்பெனிக்காரா நிரந்தரம் பண்ணிட்டாளா?" இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏதோ நான்தான் வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறேன் என்று நினைப்பு.

வேலை கிடைக்காமல் இருந்த வருஷத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்திருந்தேன். சுருக்கெழுத்தில் ஒரே கோட்டை லேசாக இழுத்தால் ஓர் ஒலி, அழுத்தி இழுத்தால் வேறு ஒலி. அதையே வளையத்துக்குக் கொண்டுவந்தேன். அறுகோணத்துக்குப் பதில் ஒரு சின்ன வளைவு. வளையத்தோடு ஒட்டியிருப்பது அமினோவாக இருந்தால் அதன்மேல் லேசான கீற்று, நைட்ரோவாக இருந்தால் அழுத்தமான கீற்று. அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் படம் முடிந்துவிடும். என் சொந்த நோட்டுக்காக மட்டும் செய்துகொண்டது அது.

தலைமைக் கெமிஸ்ட் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி?" விளக்கிச் சொன்னேன். அடுத்த வாரம் பம்பாய் ஆபீசிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். அவர்களிடம், "இது நான் கொண்டுவந்த முறை" என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறார் மனுஷர்! பக்கத்தில் நின்று சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தவள் நான். அவர் போட்டு முடித்ததும் பலகையையும் நானே துடைத்தேன். என் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

இனி எல்லாத் தாளிலும் இதே குறிதான் என்று உத்தரவு வந்தது. பிளான்டில் டிரம்களின் மேலும் பெயின்ட்டில் எழுதினார்கள். அங்கே ஓர் ஆபரேட்டர் இருந்தார். நாற்பது வயதுவரை பிறர் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர், நீளமான இங்கிலீஷ் பெயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், இரண்டே நாளில் குறிகளைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தாம்மா பேஜாரு உட்டுச்சி. தாளப் பாத்துக்கினே டிரம்ம எட்த்துடலாம்" என்று சிரித்தார். என் கண்டுபிடிப்பை என்னிடமே பாராட்டிய ஒரே ஆள் அவர்.

பேட்ச் தாள் மூன்று பிரதி. மேல் தாள் ஆபீசுக்கு, இரண்டாவது லேபுக்கு, மூன்றாவது பிளான்டுக்கு. கார்பன் வைத்து எழுதினால் மூன்றாவதில் அழுத்தமும் லேசும் ஒன்றுபோலத்தான் விழும். முதல் வாரமே கவனித்துத் தலைமைக் கெமிஸ்டிடம் சொன்னேன். "அழுத்தி எழுதும்மா. எல்லாத்துக்கும் ஒரு நொட்டை" என்றார். தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. மறுபடி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம் ஆர்டர் வரும் என்று பேச்சு அடிபட்டது. சொல்லவில்லை.

ஒரு நாள் நைட்ரோ போட வேண்டிய இடத்தில் அந்த ஆபரேட்டர் அமினோ டிரம்மைக் கவிழ்த்துவிட்டார். பேட்ச் முழுக்கத் தார் மாதிரி ஆகிப்போனது. மேனேஜர் அறையில் விசாரணை. தலைமைக் கெமிஸ்ட் மேஜைமேல் விரித்துவைத்தது மேல் தாளை. அதில் நைட்ரோக் கீற்று கன்னங்கரேலென்று இருந்தது. "கண்ணு தெரியாத ஆளை வச்சிருந்தா இப்படித்தான் சார்" என்றார். "எனக்கு மெலுசாத்தான் சார் தெரிஞ்சுது" என்று ஆபரேட்டர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளான்ட் தாளை எடுத்து வாருங்கள் என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எழுதினது நீங்கதானே? தெளிவா இருந்ததா?"

"தெளிவா இருந்தது சார்" என்றேன்.

ஆபரேட்டரை அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாவது நாள் என் ஆர்டர் வந்தது. அப்பா பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் பண்ணிவைத்தார். வெட்கமில்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, வேலை முடிந்து கவரைப்பேட்டை ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றபோது அந்த ஆபரேட்டரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடம் தேடுவதற்குள் அவரே வந்துவிட்டார். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி.

"நல்லா கீறியாம்மா? எனக்குக் கண்ணு போச்சும்மா. இத்தினி நாளா தெரியாமலே இருந்துக்கீறேன் பாரு. ஆஸ்பத்திரில டாக்டரு கண்ணு நல்லாத்தான் கீதுன்னாரு. நான் உடல. இல்ல சார், ஒரு கம்பெனி சரக்கையே பாழாக்கிட்டேன், எனக்குத் தெரியலன்னு அடம்புடிச்சி, அப்பால வெளிய கடையில இத வாங்கினேன்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போட்டாத்தான் தல சுத்துது. பழகிடும்ன்றாங்க."

என் வண்டி வந்துவிட்டது. "பழகிடும்" என்றேன் நானும்.